ஐப்பசிக் கடலும் தூண்டிற்கலையும்

ஐப்பசி பிறந்தால் நம் உத்திரமேரூர்ப் பகுதிச் சிறுவர்களின் கண்கள் ஏரியை நாடும். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்ப நிரம்ப, மூங்கிற் கழியும் நூலும் தக்கையும் மண்புழுவும் கரைக்கு வந்துவிடும். தக்கை அமிழும் ஒரு கணத்துக்காகப் பிற்பகல் முழுவதும் காத்திருந்தவர்கள் நம்மில் பலர். இதே இன்பத்தை ஆழ்கடலில் தேடுவோரும் உலகில் உண்டு. படகை நாள் வாடகைக்கு அமர்த்தி, விளையாட்டாகத் தூண்டில் போடும் வழக்கம் வெப்பக் கடற்கரைகள் பலவற்றில் இன்று ஒரு தொழிலாகவே வளர்ந்துள்ளது. அதன் இயல்பு யாது? அது நம் கரைக்கு ஏற்குமா? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோற்றமும் வளர்ச்சியும்

சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணியாற்றிய எச். எஸ். தாமஸ் என்பார் 1873ஆம் ஆண்டிலேயே இந்தியத் தூண்டிற்கலை பற்றி நூல் எழுதினார். கடலில் இவ்விளையாட்டு புகழ் பெற்றது 1898இல். அவ்வாண்டு கலிபோர்னியாவை அடுத்த சாண்டா கேட்டலினா தீவருகே, சார்லஸ் ஃபிரெடரிக் ஹோல்டர் 183 பவுண்டு எடையுள்ள சூரை இனப் பெருமீன் ஒன்றைக் கழியும் நரம்பும் கொண்டே பிடித்தார். 1953இல் பெரு நாட்டுக் கடலில் ஆல்ஃபிரட் கிளாசெல் பிடித்த கருமார்லின் 1,560 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 707 கிலோ இருந்தது.

கோடை முழுதும் வெயில் குடித்த கடல், இலையுதிர் காலத்திலும் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஆதலின் மெக்சிகோவின் காபோ சான் லூகாசில் அக்டோபர் மாதத்தில் மார்லின் பிடிக்கும் போட்டிகள் நடைபெறுகின்றன. நம் நாட்டில் அந்தமான் கடலில் இத்தகைய படகுகள் பெரும் பாரை மீனை நாடிச் செல்கின்றன.

விட்டுப் பிடித்தல்

இக்கலையில் மூன்று முறைகள் முதன்மையானவை. படகை மெல்ல ஓட்டிக்கொண்டே இரையைப் பின்னால் இழுத்து வருவது ஒன்று. வஞ்சிரம், சூரை, மயில்மீன் போன்ற விரைவாக நீந்தும் மீன்கள் இதில் சிக்கும். பாறையுள்ள இடத்தில் படகை நிறுத்தி, ஈயக்குண்டு கட்டிய தூண்டிலை அடிக்கடலுக்கு இறக்குவது மற்றொன்று. மேல்மட்டத்தில் மீன் பாயும் இடம் பார்த்துப் போலி இரையை வீசுவது மூன்றாவது.

கழியில் பொருத்திய உருளையில் ஒரு திருகு உண்டு. மீன் ஓடும்போது நரம்பு அறுந்துவிடாமல் தளர்ந்து கொடுக்குமாறு அதை அமைத்துக்கொள்வர். மீன் சோர்ந்ததும் நரம்பைச் சுற்றி எடுக்க வேண்டும். “விட்டுப் பிடி” என்று நம் பெரியோர் கூறுவதன் பொருளை இங்கே கண்கூடாகக் காணலாம்.

பிடித்த மீனை மீண்டும் கடலில் விடுவோரும் பலர். முனை உள்நோக்கி வளைந்த முள்ளைப் பயன்படுத்தினால் அது பெரும்பாலும் வாயோரத்திலேயே மாட்டும், குடலைக் கிழிக்காது. எனினும் மிக ஆழத்திலிருந்து இழுத்த மீனின் காற்றுப்பை உப்பிவிடுவதால், விட்டாலும் பிழைப்பது அரிது. விடுவதெல்லாம் இரக்கமாகிவிடாது என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

நம் கரையின் கொடை

உத்திரமேரூரிலிருந்து கிழக்கே சென்றால் சதுரங்கப்பட்டினமும் மாமல்லபுரமும் வரும். 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானபின் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கடற்கரையே இல்லாது போயிற்று. ஆயினும் அக்கரையின் மரபு நமக்கு அயலானதன்று. பரதவர் சுறா வேட்டையாடியதைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. முழுநிலா நாளில் அவர்கள் கடலுக்குச் செல்லாது ஓய்ந்திருந்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது.

சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை, 1697இல் வெளிவந்த தம் பயண நூலில் வில்லியம் டாம்பியர் குறிப்பிட்டுள்ளார். இன்று வாடகைக்கு ஓடும் இரட்டையடிப் படகுகளையும் உலகம் ‘கேட்டமரான்’ என்றே அழைக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. நம்முடையது மரங்களைக் கயிற்றால் பிணைத்தது. அவர்களுடையது இரு தனி உடல்களைத் தளத்தால் இணைத்தது. பெயர் மட்டும் நம்முடையது.

ஐப்பசியின் இருமுகம்

பிற நாட்டார் கொண்டாடும் அக்டோபர், நம் கரையில் கடல் முகம் மாறும் காலம். ஆண்டின் முற்பகுதியில் வடக்கு நோக்கி ஓடும் கரையோர நீரோட்டம், இப்போது தெற்கு நோக்கித் திரும்புகிறது. வாடை வீசத் தொடங்குகிறது. புயற்சின்னங்களும் உருவாகின்றன. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலில் குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர் பலர் கரை திரும்பவில்லை. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்தது. ஆகவே நம் கடலில் தூண்டிற்கலையின் முதற்பாடம், என்று செல்லக்கூடாது என்பதை அறிவதேயாம்.

சுக்கான் யார் கையில்?

‘கடலும் கிழவனும்’ கதையை எழுதிய எமிங்வே, தம் ‘பிலார்’ படகில் விளையாட்டுக்காக மீன் பிடித்தவர். அவர் படைத்த கிழவன் சாண்டியாகோவோ பிழைப்புக்காகச் சென்றவன். ஒரே கடல், ஒரே மார்லின். ஒருவருக்கு அது வெற்றிச் சின்னம். மற்றவருக்கு உலைக்கு அரிசி.

விருந்தினர் கழியைப் பிடிக்கிறார். ஆனால் கரையிலுள்ள பனந்தோப்பையும் கோபுரத்தையும் நேர்கோட்டில் பார்த்து, பாறை கிடக்கும் இடத்தைக் கண்டறிபவர் மீனவரே. அந்த அறிவு எந்தப் பட்டத்துக்கும் குறைந்ததன்று. இத்தொழில் நம் கரையில் பெருகுமானால், மீனவர் சுமை தூக்கும் கூலியாக அன்றிப் படகின் தலைவராகவும் உரிமையாளராகவும் இருத்தல் வேண்டும். 1983ஆம் ஆண்டுச் சட்டம் கரையையொட்டிய பகுதியில் விசைப்படகுகள் மீன்பிடிப்பதைத் தடுத்து, சிறு மீனவருக்குக் காவலாக நிற்கிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடையும் உண்டு. விளையாட்டின் பெயரால் இவ்வரம்புகள் தளரலாகாது.

முடிவுரை

கி.பி. 921ஆம் ஆண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலையால் தேர்ந்த 6 பேர் ஏரி வாரியமாக இருந்து ஏரியைக் காத்ததைக் கூறுகிறது. நீரை ஆண்டு அனுபவித்தவர்களே அதற்குப் பொறுப்பும் ஏற்றனர். ஏரிக்குப் பொருந்திய அந்நெறி கடலுக்கும் பொருந்தும். மாணவ நண்பர்களே, நாளை நீங்கள் அதிகாரிகளாகவோ ஆசிரியர்களாகவோ, படகேறும் விருந்தினராகவோ ஆகலாம். அன்று கழியை எடுக்குமுன், சுக்கான் பிடித்திருப்பவரிடம் ஒரு சொல் கேளுங்கள். அவர் “இன்று வேண்டாம்” என்றால் கரையிலேயே நில்லுங்கள்.