அடியைக் காணோம்... முடியையும் காணோம்!

திருவண்ணாமலையில் அண்ணாமலையாரைத் தரிசித்துவிட்டு, நெற்றியில் விபூதியோடு பிராகாரம் வலம் வருகிறீர்கள். தட்சிணாமூர்த்தி முன்பு கொஞ்சம் நிற்பீர்கள். கருவறைக்கு நேர் பின்னால், மேற்குச் சுவர் கோஷ்டத்தில் இருப்பவருக்கோ ஒரு அவசரக் கும்பிடுதான்! அடுத்த முறை அங்கே இரண்டு நிமிடம் நில்லுங்கள். அவர்தான் லிங்கோத்பவர். ஏட்டில் இருந்த கதை, கல்லில் ஏறிய இடம் அது.

கதை நீங்கள் அறிந்ததுதான். 'யார் பெரியவர்?' என்று பிரம்மாவுக்கும் திருமாலுக்கும் போட்டி. நடுவே நெருப்புத் தூணாக எழுந்தார் சிவபெருமான். முடியைத் தேடி அன்னமாகப் பறந்தார் பிரம்மா. அடியைத் தேடிப் பன்றியாக மண்ணைத் தோண்டினார் திருமால். இருவராலும் காண முடியவில்லை. திருமால் ஒப்புக்கொண்டார். பிரம்மாவோ, உச்சியிலிருந்து விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைப் பொய்ச்சாட்சிக்கு அழைத்து வந்தார். வடமொழியில் ஸ்காந்த புராணத்தின் அருணாசல மகாத்மியமும், தமிழில் சைவ எல்லப்ப நாவலரின் அருணாசல புராணமும் இத்தலத்தின் பெருமையை விரித்துப் பேசுகின்றன.

புராணம் பாடுகிறவருக்கு அவகாசம் உண்டு. பறந்தார், தோண்டினார், காலம் போயிற்று என்று சொல்லிக்கொண்டே போகலாம். சிற்பிக்கு இருப்பதோ ஒரே கல்! அதனால் அன்னத்தை மேலேயும் பன்றியைக் கீழேயும் ஒரே நேரத்தில் வைத்துவிட்டார். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. அடிமுடி காண முடியாதவரைத் தலை முதல் கால் வரை செதுக்கினால், கதையே பொய்யாகிவிடுமே! தூணின் நடுவில் நீள்வட்டமாக ஒரு திறப்பு, அதற்குள் ஈசன். பாதங்கள் கல்லுக்குள் மறைந்துவிடும். பல சிற்பங்களில் மகுடத்தின் உச்சியும் தெரியாது.

ஒருமுறை என் முன்னால் சென்ற சிறுவன், "பாட்டி, சாமிக்குக் கால் உடைஞ்சு போச்சா?" என்று கேட்டான். "அப்படியெல்லாம் சொல்லக்கூடாதுடா கண்ணா" என்று கையைப் பிடித்து இழுத்துப்போனார் பாட்டி. பாவம், சிற்பி காட்ட நினைத்ததைச் சரியாகப் பார்த்தவன் அவன் ஒருவன்தான்! (வஸ்திரம் சாற்றியிருந்தால் நமக்கு இது தெரியாது. காஞ்சி கயிலாசநாதர் கோயிலிலும் தஞ்சைப் பெரிய கோயிலிலும் உள்ள லிங்கோத்பவர்களையும் பார்த்து வையுங்கள்.)

அதே கதை கார்த்திகை தீபத்தன்று இன்னொரு வடிவம் எடுக்கிறது. அன்னம் இல்லை, பன்றி இல்லை, உருவமே இல்லை. 2,668 அடி உயர மலை மீது கொப்பரையில் நெய்யும் திரியும் மட்டும்தான். கீழே கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கிறோமே, நாம்தான் அன்று முடி தேடுகிறவர்கள்! அது மட்டுமா? அம்பிகை தவமிருந்து இறைவனின் இடப்பாகம் பெற்றது புராணத்தில் வேறொரு பகுதி. விழாவை வகுத்தவர்கள் அதையும் இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். மாலை ஆறு மணிக்கு அர்த்தநாரீஸ்வரர் ஆடியபடி வெளியே வந்து சில நிமிடங்களே காட்சி தருகிறார். அந்த நேரத்தில் மலையில் தீபம் எரிகிறது. ஏட்டில் தனித்தனியாக இருந்த இரண்டு கதைகளும் நம் கண்ணுக்கு ஒரே நிகழ்ச்சி.

சரி, அந்தத் தாழம்பூ என்ன ஆயிற்று? சிவபூஜைக்கு ஆகாது என்று புராணம் ஒதுக்கிவிட்டது. நம் வீட்டுப் பூஜையிலும் சிவனுக்கு அதை வைப்பதில்லை. ஏட்டில் அதோடு கதை முடிந்தது. கோயில் முடிக்கவில்லை. மகா சிவராத்திரி நள்ளிரவில், லிங்கோத்பவ காலத்தில், அண்ணாமலையார் கருவறைக்குப் பின்னால் அந்தக் கோஷ்டத்துக்கு முன்பு கூட்டம் நெருக்கியடிக்கும். அபிஷேகம் முடிந்து அலங்காரம் நடக்கும்போது, முண்டியடித்தாவது எட்டிப் பாருங்கள். லிங்கோத்பவருக்குச் சாற்றுவது தாழம்பூ!