பந்தயக் கணக்கும் வியாபாரக் கணக்கும்

வியாபாரப் பெருமக்களே! மரீனா பேயில் இரவு மோட்டார் பந்தயம் நெருங்கும் காலத்தில், நமது கடைகளிலே வேலை செய்யும் வாலிபர்களிடையே ஒரு பேச்சு எழுவதுண்டு. இந்த ஆண்டு சாம்பியன் யார்? அவருக்கு விகிதம் என்ன? பேச்சு அதோடு நின்றுவிட்டால் கவலையில்லை. "முதலாளி சரக்குப் பிடிக்கிறார், நான் பந்தயம் பிடிக்கிறேன், இருவரும் நஷ்டத்துக்குத் துணிந்தவர்கள்தாமே?" என்று கேட்கும் வாலிபனுக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும். "ஹராம், போ!" என்று அதட்டுவது பதிலாகாது. கணக்கறிந்த சமூகம் கணக்காகவே விளக்க வேண்டும்.

விகிதம் என்பது யாது?

பந்தயம் நடத்துவோர் ஒவ்வோர் ஓட்டுநருக்கும் ஓர் எண்ணை வைக்கின்றனர். 2.00 என்றால், 1 வெள்ளி கட்டியவருக்கு அவர் ஓட்டுநர் வென்றால் முதலோடு சேர்த்து 2 வெள்ளி கிடைக்கும். இவ்வெண் ஜோசியமன்று, ஒரு விலை. பெருநாளுக்கு முன் கேட்பார் மிகுந்த சரக்கின் விலை ஏறுவதுபோல, ஓர் ஓட்டுநர் மீது பணம் வந்து குவிந்தால், அவருக்குரிய எண்ணைக் குறைத்துவிடுவார்கள்.

உதாரணத்துக்கு நாமே சில எண்களை வைத்துப் பார்ப்போம். முதல் ஓட்டுநருக்கு 2.00, இரண்டாமவருக்கு 4.00, மூன்றாமவருக்கு 5.00, மற்றவர்கள் அனைவருக்கும் சேர்த்து 5.00. யார் வென்றாலும் 100 வெள்ளி கைக்கு வர வேண்டுமென்று ஒருவர் எல்லார் மீதும் கட்டுகிறார் என்று கொள்வோம். முதலாமவர் மீது 50, இரண்டாமவர் மீது 25, மூன்றாமவர் மீது 20, மற்றவர் மீது 20. கூட்டினால் 115 வெள்ளி! 115 கொடுத்து 100 வாங்குகிறார். இடையிலுள்ள 15 வெள்ளி, மோட்டார் ஓடத் தொடங்குமுன்பே நடத்துவோர் வைத்துக்கொண்ட பங்கு. ஒருவர் மீது மட்டும் கட்டுகிறவரும் இதே விலைக்குத்தான் வாங்குகிறார். ஒரு நாள் அவர் வெல்லலாம். ஆனால் பலர் பல நாள் கட்டினால், அந்தக் கூட்டம் மொத்தத்தில் தோற்கும்படியே எண்கள் அமைக்கப்பட்டுள்ளன.

நாணயமாற்று வியாபாரியும் வாங்க ஒரு விலை, விற்க ஒரு விலை வைக்கிறாரே எனலாம். மெய்தான். ஆனால் அவரிடம் வந்தவர், ஹஜ்ஜுக்கோ ஊருக்கோ வேண்டிய பணத்தைக் கையில் வாங்கிச் செல்கிறார். பந்தயம் கட்டியவர் வாங்கிச் சென்ற சரக்கு எது?

அறிவு உதவாதா?

"நான் ஒவ்வொரு பந்தயமும் பார்ப்பவன், எனக்குத் தெரியும்" என்பார் சிலர். 2025-ஆம் ஆண்டைப் பாருங்கள். ஆகஸ்ட் இறுதியில் நெதர்லாந்துப் பந்தயம் முடிந்தபோது பியாஸ்ட்ரிக்கு 309 புள்ளி, நோரிஸுக்கு 275, வெர்ஸ்டாப்பனுக்கு 205. டிசம்பரில் அபுதாபியில் கணக்கு முடிந்தபோது நோரிஸ் 423, வெர்ஸ்டாப்பன் 421, பியாஸ்ட்ரி 410. முன்னணியில் நின்றவர் மூன்றாமவரானார். 104 புள்ளி பின்தங்கியவர் 2 புள்ளியில் பட்டத்தை இழந்தார்.

இன்னும் நமது ஊரிலேயே நடந்தது ஒன்றுண்டு. அப்பர் தாம்ஸன் ரோட்டில் 1961 முதல் 1973 வரை நடந்த பழைய பந்தயங்களுக்குப்பின், 2008 செப்டம்பர் 28-ஆம் தேதி மரீனா பேயில் முதல் இரவுப் பந்தயம் நடைபெற்றது. ரெனால்ட் அணியின் இளைய பிக்கே 14-ஆவது சுற்றில் சுவரில் மோதினார். அதனால் ஏற்பட்ட மாற்றத்தில், 15-ஆவது இடத்திலிருந்து புறப்பட்ட அதே அணியின் அலோன்ஸோ வென்றார். முன்னணியில் சென்ற மாஸ்ஸா, எரிபொருள் குழாய் கழலுமுன்பே வண்டியை எடுத்துவிட்டதால் 13-ஆவதாக முடித்தார். அவ்வாண்டு முடிவில் ஹாமில்டனுக்கு 98 புள்ளி, மாஸ்ஸாவுக்கு 97. ஒரே புள்ளி! அந்த மோதல் வேண்டுமென்றே செய்யப்பட்டது என்பது 2009-ல்தான் வெளியாயிற்று. மாஸ்ஸா மீது பணம் கட்டியவருடைய அறிவு, சுவருக்குப் பின்னால் நடந்த சதியை எவ்வாறு எடைபோட்டிருக்கும்?

தர்மத்துக்குப் போகிறதே?

இங்கே சட்டப்படி உரிமம் பெற்ற பந்தயமும் உண்டு. 1968-ல் தோன்றிய சிங்கப்பூர் பூல்ஸின் உபரிப் பணம் பொதுநலத்துக்குச் செல்கிறது. 1973-ல் திறக்கப்பட்ட பழைய தேசிய அரங்கமும் அவ்வகைப் பணத்தின் உதவியால் எழுந்ததே. ஆனால் அரபு நாட்டின் பழைய சூதையும் நினைவில் கொள்க. ஒட்டகத்தை அறுத்துப் பங்கு வைத்து, அம்புகளால் குலுக்குவார்கள். வென்றவர் தம் பங்கை ஏழைகளுக்குக் கொடுத்துப் பெருமை கொள்வார். தோற்றவர் விலை செலுத்துவார் என்று விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர். அதில் மக்களுக்குச் சில பயன் உண்டு, எனினும் பாவமே பெரிது என்பதே சூரத்துல் பகராவின் 219-ஆவது வசனக் கருத்து. சூரத்துல் மாயிதாவின் 90-ஆவது வசனம் முற்றிலும் விலக்கிவிட்டது. பயன் உண்டு என்பதை மறுக்காமலே விலக்கியிருக்கும் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நாட்டின் சட்டம் அனுமதிப்பது வேறு, மார்க்கம் அனுமதிப்பது வேறு. உரிமமில்லாத புக்கியிடம் கட்டுவதோ, 2022-ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படியும் குற்றமாகும்.

குதிரை, ஒட்டகம், அம்பெய்தல் போட்டிகளில் பரிசு ஆகும் என்று ஹதீஸ் உண்டே எனலாம். உண்டு. அப்பரிசு குதிரையை ஓட்டியவருக்கும் அம்பை எய்தவருக்கும். மோட்டாருக்கும் அது பொருந்துமா என்பது ஆலிம்கள் ஆராய வேண்டிய விஷயம். ஆனால் வேலியோரம் நின்று, வெல்பவர் யாரென்று பணம் வைத்தவருக்கு அதில் இடமேயில்லை.

வேற்றுமை இதுவே

இப்போது வாலிபனின் கேள்விக்கு வருவோம். டன்லப் ஸ்திரீட்டில் ஒருவர் துணிமூட்டை வாங்கி வைக்கிறார். விலை இறங்கினாலும் துணி இருக்கிறது, குறைத்து விற்கலாம். விற்றால் தமக்கு லாபம், வாங்கினவருக்கு உடை. ஒருவர் லாபம் மற்றவர் நஷ்டமன்று. பந்தயத்திலோ ஒருவர் பெறுவதெல்லாம் இன்னொருவர் இழந்ததே. தோற்ற சீட்டு மறுநாள் பொட்டலம் மடிக்கவும் உதவாது.

மேலும், கல்லாவிலிருக்கும் பணமெல்லாம் நம்முடையதா? மொத்த வியாபாரி தவணைக்குக் கொடுத்த சரக்கின் பணம் அதில் இருக்கிறது. கூட்டாளியின் பங்கு இருக்கிறது. வேலையாட்களின் சம்பளம் இருக்கிறது. ஏழைகளின் ஜகாத்தும் இருக்கிறது. பந்தயத்தில் வைத்த ஒரு வெள்ளி யாருடைய வெள்ளி என்று பிரித்துச் சொல்ல யாரால் முடியும்? அமானிதத்தைப் பணயம் வைத்தவன் கையில் நாளை யார் சரக்கைத் தருவார்?

ஆகவே, முதலாளிமார்களே! அடுத்த முறை கடையில் அப்பேச்சு எழும்போது வாலிபனைக் கோபிக்காதீர்கள். ஒரு தாளை எடுத்து 50, 25, 20, 20 என்று எழுதி, அவனையே கூட்டச் சொல்லுங்கள். அதன்பின் வேறொரு தாளில் கடையின் ஒரு மாதக் கொள்முதலையும் விற்பனையையும் எழுதிக் காட்டுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிள்ளை வியாபாரத்தைக் கற்றுக்கொள்வான், இன்ஷா அல்லாஹ்.