மொட்டை டயரும் மழைக்காலமும்

சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில் பழைய கார் ஒன்றை வாங்கினேன். ஏழு ஆண்டுகள் ஓடிய வண்டி. விலை பேசி முடிப்பதற்கு முன், தூத்துக்குடியில் உப்பளங்களுக்கு நடுவே செல்லும் சாலை ஒன்றில் அதை ஓட்டிப் பார்த்தேன். முன்னும் பின்னும் வண்டி எதுவும் இல்லாத நேரம் பார்த்து, மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சென்று பிரேக்கை அழுத்தினேன். வண்டி சற்றும் விலகாமல் நின்றது. மறுமுறையும் அவ்வாறே நின்றது. டயர்கள் தேய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. விற்றவர், "இன்னும் ஒரு வருஷம் ஓடும் சார்" என்றார். சோதனையில் தேறிவிட்டதே என்று நானும் பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

ஐப்பசியில் முதல் கனமழை பெய்தது. குடும்பத்தோடு திருநெல்வேலி சென்றுகொண்டிருந்தோம். வல்லநாட்டை நெருங்கும்போது சாலையின் தாழ்வான பகுதியில் சிறிதளவு நீர் தேங்கியிருந்தது. வண்டி அதில் ஏறியதும் ஸ்டியரிங் கையில் பாரமே இல்லாமல் ஆயிற்று. திருப்பினேன், வண்டி திரும்பவில்லை. அரை வினாடிதான். நீர் முடிந்ததும் சக்கரம் மீண்டும் சாலையைப் பற்றிக்கொண்டது. பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எதுவும் தெரியாது. எனக்கு மட்டும் உள்ளங்கை வியர்த்துவிட்டது.

அடுத்து வந்த பஞ்சர் கடையில் நிறுத்தினேன். கடைக்கார அண்ணாச்சி குனிந்து பார்த்துவிட்டு, "சார், டயர்ல பட்டனே இல்லையே! காத்தும் 22 பவுண்டுதான் இருக்கு. மழையில இதை நம்பி வேகமாப் போயிராதீங்க" என்றார்.

கல்லூரியில் ஆண்டுதோறும் உராய்வு விதிகளைப் பாடம் நடத்துகிறவன் நான். என் சோதனை எங்கே தவறியது?

உலர்ந்த சாலையில்

டயரின் மேற்பரப்பில் உள்ள பள்ளங்களும் மேடுகளுமே பட்டன் எனப்படுகின்றன. செருப்பின் அடியில் உள்ள வரிகளைப் போல இவைதாம் சாலையைப் பிடித்துக்கொள்கின்றன என்று பலரும் எண்ணுகிறோம். பாடநூலில் உள்ள உராய்வு விதி வேறுவிதமாகச் சொல்லுகிறது. உராய்வு விசை, உராய்வுக் குணகத்தையும் பரப்பின்மீது செங்குத்தாக அழுத்தும் விசையையும் பொறுத்தது. தொடும் பரப்பின் அளவைப் பொறுத்ததன்று. பிரெஞ்சு அறிஞர் அமான்டன் 1699-ஆம் ஆண்டிலேயே இதை வெளியிட்டார்.

ரப்பர் இவ்விதிக்கு முழுவதும் கட்டுப்படும் பொருளன்று. அது வளைந்து நெளிந்து தார்ச்சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் புகுந்துகொள்ளும். ஆகவே ரப்பர் அதிகமாகத் தொட்டால் பிடிப்பும் சற்றுக் கூடும். பள்ளம் வெட்டிய இடத்தில் ரப்பர் இல்லை அல்லவா? எனவே உலர்ந்த சாலையில் பள்ளமே இல்லாத டயர் நன்றாகவே பிடிக்கும். பந்தயக் கார்கள் வெயில் நாளில் வழவழப்பான டயர்களைப் பூட்டிக்கொண்டுதான் ஓடுகின்றன. மழை வந்தால் உடனே நிறுத்தி, பள்ளம் வெட்டிய டயர்களுக்கு மாறுகின்றன.

என் தவறு இப்போது விளங்கும். சித்திரை வெயிலில் நான் செய்த சோதனையில் மொட்டை டயர் தோற்றிருக்கவே முடியாது! நம் கடற்கரையில் இது பெரிய பொறி. தூத்துக்குடிக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில்தான் வருகிறது. மற்ற மாதங்களில் உப்பு விளையும் அளவுக்கு வறட்சி. முன்பு முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் (பெரிய அளவில் கடைசியாக நடந்தது 1961-இல்) பங்குனி, சித்திரையைத் தேர்ந்தெடுத்ததும் இரு பருவக்காற்றுகளுக்கும் இடையில் கடல் அமைதியாக இருக்கும் என்பதால்தான். அந்த மாதங்களில் வாங்கும் கார் தன் டயரின் குறையை ஆறு மாதம் மறைத்து வைத்திருக்கும்.

வினாடிக்கு எட்டு லிட்டர்

பட்டனின் உண்மையான வேலை சாலையைப் பிடிப்பதன்று, நீரை வெளியேற்றுவதாகும். எவ்வளவு நீர் என்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஆட்களோடு சேர்த்துக் காரின் நிறை 1,000 கிலோகிராம் என்று கொள்வோம். ஒரு சக்கரத்தின் பங்கு 250 கிலோகிராம். அதாவது 2,450 நியூட்டன் எடை. டயருக்குள் காற்றழுத்தம் சதுர அங்குலத்திற்கு 30 பவுண்டு என்றால், அது ஏறத்தாழ 2,10,000 பாஸ்கல். எடையை அழுத்தத்தால் வகுத்தால் தொடும் பரப்பு கிடைக்கும்: 0.0117 சதுர மீட்டர், அதாவது சுமார் 117 சதுர சென்டிமீட்டர். அகலம் 12 செ.மீ., நீளம் 10 செ.மீ. எனலாம். உங்கள் உள்ளங்கையை விடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். இப்படி நான்கு உள்ளங்கைகள் ஒரு குடும்பத்தைத் தாங்கிக்கொண்டு ஓடுகின்றன.

(நிற்கும் காரில் இதை நீங்களே சரிபார்க்கலாம். நான்கு காகிதத் துண்டுகளை டயரின் முன், பின், இடம், வலம் என நான்கு பக்கமும் அடியில் நுழையும் வரை தள்ளுங்கள். அவற்றின் விளிம்புகளுக்கு இடையே உள்ள செவ்வகமே தொடும் பரப்பு. டயரின் பக்கச்சுவர் விறைப்பானதாலும், பள்ளங்கள் இடையில் இருப்பதாலும் விடை கொஞ்சம் வேறுபடும்.)

இனி, சாலையில் 3 மில்லிமீட்டர் ஆழத்திற்கு நீர் நிற்கிறது. கார் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில், அதாவது வினாடிக்கு 22.2 மீட்டர் வேகத்தில் செல்கிறது. ஒரு வினாடியில் ஒரு டயர் எதிர்கொள்ளும் நீர் 22.2 × 0.12 × 0.003 = 0.008 கன மீட்டர். இது 8 லிட்டர்! ஒரு வாளித் தண்ணீரை ஒவ்வொரு வினாடியும் ஒவ்வொரு டயரும் அப்புறப்படுத்த வேண்டும். அதுவும், டயரின் எந்தப் பகுதியும் சாலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் 0.1 ÷ 22.2, அதாவது வினாடியில் ஆயிரத்தில் ஐந்து பங்குகூட இல்லை. அதற்குள் நீர் வெளியேற வழி வேண்டும். அந்த வழிதான் பள்ளம்.

புதிய கார் டயரில் பள்ளத்தின் ஆழம் 8 மி.மீ. அளவில் இருக்கும். 3 மி.மீ. நீர் அதற்குள் அடங்கிவிடும். பள்ளம் 1 மி.மீ. ஆகிவிட்ட டயரில் மீதி நீர் எங்கே போகும்? டயருக்கு முன்னால் ஆப்பு வடிவில் குவிந்து, டயரை மேலே தூக்கும்.

நீரின் மேல் ஓடும் கார்

ஓடும் டயர்மீது மோதும் நீரின் அழுத்தம், நீரின் அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கி இரண்டால் வகுத்தால் கிடைக்கும் அளவை எட்டலாம். இது டயரின் காற்றழுத்தத்திற்குச் சமமாகும்போது டயர் சாலையைவிட்டு நீரின்மேல் ஏறிவிடும். 2,10,000 பாஸ்கலை இரண்டால் பெருக்கி, நீரின் அடர்த்தியாகிய 1,000-ஆல் வகுத்து, வர்க்கமூலம் காணுங்கள். வினாடிக்கு 20.5 மீட்டர், அதாவது மணிக்கு 74 கி.மீ. என்று வரும். உண்மையில் நீரின் ஒரு பகுதி பக்கவாட்டில் சிதறிவிடுவதால், தூக்கும் அழுத்தம் இதில் பத்தில் ஏழு பங்கு அளவே. அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் மணிக்கு 90 கி.மீ.க்குச் சற்றுக் குறைவாக வரும்.

அமெரிக்காவின் நாசா நிறுவனத்தைச் சேர்ந்த வால்ட்டர் ஹார்ன், ராபர்ட் டிரெஹர் ஆகியோர் நனைந்த ஓடுபாதையில் இறங்கும் விமானங்களுக்காக இதை ஆராய்ந்து, 1963-இல் ஓர் எளிய சூத்திரத்தைத் தந்தனர். சதுர அங்குலத்திற்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால், கப்பலின் வேகத்தைச் சொல்லும் 'நாட்' அலகில் விடை வரும். கிலோமீட்டரில் வேண்டுமானால் 16.7-ஆல் பெருக்குங்கள். 30 பவுண்டுக்கு 91 கி.மீ. வருகிறது. நம் கணக்கு மோசமில்லை.

இந்தச் சூத்திரத்தில் காரின் எடை இல்லை என்பதைக் கவனித்தீர்களா? எடை கூடினால் தொடும் பரப்பும் அதே விகிதத்தில் கூடிவிடுகிறது, அழுத்தம் மாறுவதில்லை. ஆகவே "கனமான வண்டி, வழுக்காது" என்பது வெறும் நம்பிக்கை. காற்றழுத்தமோ நேராகவே வருகிறது. என் வண்டியில் இருந்த 22 பவுண்டுக்குக் கணக்கிட்டால் விடை 78 கி.மீ. வல்லநாட்டில் என் வேகம் 80-ஐ ஒட்டியிருந்தது. பள்ளம் ஆழமாக இருந்திருந்தால் அந்தச் சிறு நீருக்கு இச்சூத்திரமே பொருந்தியிருக்காது. நீரின் ஆழம் பள்ளத்தின் ஆழத்தை மிஞ்சும்போதுதான் இது செல்லும். மொட்டை டயர், குறைந்த காற்று என்ற இரண்டு குறைகளும் ஒன்றாகக் கைகோத்துக்கொண்டன.

நீரின்மேல் ஏறிய டயருக்கு உராய்வு ஏறத்தாழ இல்லை. பிரேக்கைப் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கருவியும் இல்லாத உராய்வை உண்டாக்க முடியாது. அந்நேரத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகம் தானாகக் குறையும்வரை பொறுக்க வேண்டும். பிரேக்கை ஓங்கி மிதிப்பதும், ஸ்டியரிங்கை வெட்டித் திருப்புவதும் கேடு. சக்கரம் திரும்பிய நிலையில் சாலையைத் தொட்டால் வண்டி அந்தப் பக்கம் பாயும்.

மிதக்கும் அளவு நீர் இல்லாவிட்டாலும் இழப்பு உண்டு. 80 கி.மீ. வேகத்தில், உராய்வுக் குணகம் 0.8 உள்ள உலர்ந்த சாலையில் கார் நிற்கச் சுமார் 32 மீட்டர் போதும். குணகம் 0.4 ஆகும்போது 63 மீட்டர், 0.2 ஆகும்போது 126 மீட்டர் தேவை. முதல் மழையில் இது இன்னும் மோசம். மாதக்கணக்கில் லாரிகள் சிந்திய எண்ணெயும் தூசியும் நீரோடு குழைந்து சாலைமீது வழுவழுப்பான படலமாகின்றன. காயல்பட்டினத்தில் 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பெய்ததே, அதுபோன்ற நாளில் எந்த டயரும் உதவாது. வண்டியை எடுக்கவே கூடாது. நான் சொல்வது சாதாரணத் தூறலையும் 3 மி.மீ. நீரையும் பற்றித்தான். ஆபத்து அங்கேதான் எதிர்பாராமல் நிற்கிறது.

அளந்து பார்க்க

ஆகவே பழைய காரின் டயரை ஓட்டிப் பார்த்து அறிய முடியாது. அளந்துதான் அறிய வேண்டும். அதற்குரிய கருவி உங்கள் பள்ளி ஆய்வகத்திலேயே இருக்கிறது. வெர்னியர் அளவியின் வாலில் நீளும் மெல்லிய தண்டு ஆழம் அளப்பதற்கே உரியது. அதைப் பள்ளத்தில் நிறுத்தி, ஓரம், நடு, மறு ஓரம் என மூன்று இடங்களில் அளவெடுங்கள். கார் டயருக்கு 1.6 மி.மீ. பள்ளம் இருந்தே தீர வேண்டும் என்பது இந்தியச் சட்டம். பள்ளங்களுக்குள்ளேயே அந்த உயரத்தில் சிறு ரப்பர் மேடுகள் வார்க்கப்பட்டிருக்கும். பட்டன் அவற்றோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. என்னைக் கேட்டால், நம் மழைக்கு 3 மி.மீ. இருக்கும்போதே மாற்றுவது நல்லது. என் காரில் நான் அளந்தபோது இருந்தது 1.3.

மூன்று அளவுகளும் ஒன்றாக இல்லாவிட்டால் அதுவும் ஒரு செய்தி. நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரு ஓரங்களிலும் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் தேய்ந்தால் சக்கரங்களின் கோணம் பிசகியிருக்கிறது, வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அவ்வாறே தேயும்.

பட்டன் ஆழமாக இருந்தும் பயனற்ற டயர்கள் உண்டு. காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் வெயிலும் ரப்பரை இறுகச் செய்து, பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்குகின்றன. அதிகம் ஓடாமல் வெயிலில் நின்ற காரில் இது மிகுதி. டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்றைத் தேடுங்கள். 3519 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட டயரை, பட்டன் எப்படியிருந்தாலும் மாற்றிவிடும்படி பல தயாரிப்பாளர்கள் கூறுகின்றனர். ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம். என் காரில் மிகப் பழையது அதுதான்.

மொட்டை டயரில் சூட்டுக் கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். கார் டயரில் அடியிலுள்ள இழைகளுக்கும் பள்ளத்திற்கும் இடையே இருப்பது மெல்லிய ரப்பர்தான். அதையும் வெட்டினால் டயர் ஓடும்போதே வெடிக்கலாம். இதைவிட மொட்டையாகவே ஓட்டலாம்!

நான்கு டயர்களையும் ஒரே சமயத்தில் வாங்க என் கையில் பணம் இல்லை. இரண்டு வாங்கினேன். அவற்றை முன்னால் பூட்டச் சொன்னேன். இழுப்பதும் திருப்புவதும் முன்சக்கரங்கள்தாமே. அண்ணாச்சி மறுத்துப் பின்னால் பூட்டினார். யோசித்துப் பார்த்தால் அவர் செய்ததே சரி. முன்சக்கரம் வழுக்கினால் கார் நேராகப் போகும். காலை எடுத்தால் பிடிப்பு திரும்பும். பின்சக்கரம் வழுக்கினால் கார் பம்பரமாகச் சுழலும். தேர்ந்த ஓட்டுநரும் அதை மீட்பது அரிது. முன்பக்கத்துக்கான இரண்டையும் அடுத்த மாதச் சம்பளத்தில் வாங்கினேன். அதுவரை மழை நாளில் பேருந்தில்தான் கல்லூரிக்குப் போனேன்.

கழற்றிய டயர்களை அண்ணாச்சியே எடுத்துக்கொண்டார். எங்கே போகும் என்று கேட்டதற்கு, "துறைமுகத்துக்கு" என்றார். மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளின் விலாப்புறத்தில் பழைய டயர்கள் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அலையில் படகு கரைச்சுவரோடு மோதும்போது, மோதும் நேரத்தை நீட்டி விசையைக் குறைப்பது அவற்றின் வேலை. அதற்குப் பட்டனும் வேண்டாம், காற்றும் வேண்டாம்.