குளிரால் நோவாற்றும் கருவி

பனிக்கட்டித் துண்டொன்றை உள்ளங்கையில் இறுகப் பற்றியிருப்போமாயின், முதலிற் கடுப்பும், பின்னர் எரிவும், இறுதியில் மரப்பும் உண்டாதலை யாவரும் அறிவோம். மரத்த விரலை ஊசியாற் குத்தினும் அஃது உணராது. இவ்வெளிய செய்தியிலிருந்தே நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் பிறந்தது.

1807-ம் ஆண்டில் ஐலோ என்னுமிடத்து நிகழ்ந்த போரிற் காயமுற்ற வீரர், கடும் பனியில் உறுப்புக்கள் அறுக்கப்பட்டபொழுது நோவை மிகுதியும் உணராதிருந்ததை நெப்போலியனுடைய சேனை வைத்தியராகிய லாரே கண்டனர். பின்னர் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஆர்னட் என்னும் வைத்தியர், நொறுக்கிய பனிக்கட்டியோடு உப்பைக் கலந்து நரம்பு நோவுக்கும் கட்டிகளுக்கும் வைத்துப் பார்த்தனர். குல்பி விற்போர் பானையில் இடும் கலவையும் இதுவே! 1851-ம் ஆண்டு இலண்டன் பெருங் கண்காட்சியில் அவர் தமது கருவியை வைத்தனர்.

நோவு தரும் நரம்பை வெட்டியெறிந்தால் என்னவென்று மாணாக்கர் வினவலாம். நரம்பென்பது பல நுண்ணிழைகள் உறைகளுக்குள் அடங்கிய கயிறு போல்வது. வெட்டுண்டால் உறையும் அறும். வளரமுயலும் இழைகள் வழிதெரியாது சுருண்டு முடிச்சாகும். அம்முடிச்சே முன்னையினும் கொடிய நோவுக்கு நிலைக்களமாதலும் உண்டு. குளிரோ, இழையை அழித்து உறையை விட்டுவைக்கிறது. உறைந்த இடத்திற்கு அப்பாலுள்ள இழை மாண்டுபோக, பழைய உறையின் வழியே புதிய இழை நாளொன்றுக்கு 1 முதல் 3 மில்லிமீட்டர் அளவு மெல்ல வளர்ந்து செல்லும். அது போய்ச் சேருமளவும் நோவு இல்லை. கத்தி செய்ய மாட்டாத நுட்பம் இது.

இனி, கருவியின் அமைப்பு. 1961-ம் ஆண்டில் நியூயார்க்கில் இர்விங் கூப்பர் என்பவர், ஒன்றனுள் ஒன்றாக மூன்று குழாய்களை அமைத்தனர். உட்குழாயில் திரவ நைட்ரஜன் செல்லும். அதன் கொதிநிலை பூஜ்யத்திற்குக் கீழ் 196 டிகிரி. ஆவியானது நடுக்குழாய் வழியே மீளும். புறக்குழாய் காற்றகற்றப்பட்டமையால் நுனி தவிர வேறிடம் குளிராது. கைநடுக்க நோயாளர் விழித்திருக்கவே, இந்நுனியை மூளையின் ஆழத்தில் தலாமஸ் என்னும் பகுதியிற் செலுத்துவர். முதலிற் சிறிதே குளிர்விப்பர். நடுக்கம் நின்றால் இடம் சரி; பேச்சுக் குழறினாலோ, கால் தளர்ந்தாலோ உடனே வெப்பமேற்றிவிடுவர். சரியென்று கண்டபின்னரே உறையச் செய்வர். செயலுக்கு முன்னரே அதன் பயனைச் சோதித்துப் பார்க்கும் இம்முறையை நாம் பெரிதும் வியக்கிறோம். ஆயினும் ஒன்று மறத்தலாகாது: கை நரம்பு மீள வளரும், உறைந்தழிந்த மூளைப் பகுதி மீளாது. 1960-களின் இறுதியில் லீவோடோபா என்னும் மருந்து வந்தபின் இச்சிகிச்சை அருகிற்று.

உடல் நரம்புகளுக்கு இக்காலத்து வழங்குவது வேறு வகை. மிகுந்த அழுத்தத்திலுள்ள நைட்ரஸ் ஆக்சைடு வாயு, கருவியின் நுனியிலுள்ள சிறு துளையினின்று வெளிப்பட்டு விரியும்போது குளிர்கிறது. ஜூலும் தாம்சனும் கண்ட விதி இது. நுனியின் வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழ் ஏறக்குறைய 70 டிகிரிக்கு இறங்க, சில மில்லிமீட்டர் அகலமுள்ள பனியுருண்டை நரம்பைச் சூழும். இரண்டு நிமிடமளவில் வேலை முடியும். 1976-ம் ஆண்டில் லாயிட், பார்னார்டு, கிளின் என்னும் மூவர் இம்முறையை விளக்கி எழுதினர். இப்பொழுது மார்பைத் திறந்து சிகிச்சை செய்யுங்கால் விலாவிடை நரம்புகளை உறையச் செய்வதுண்டு. மூச்சு விடவும் இருமவும் அஞ்சிக் கிடக்கும் நோயாளர்க்கு அது பேருதவியாம். அபினி வகை மருந்தின் தேவையும் குறையும்.

குறைகளும் உள. தோலின் மரப்பு வாரக்கணக்காகவோ மாதக்கணக்காகவோ நிற்கும். நரம்பு வளர்ந்தபின் நோவு திரும்புதலும் கூடும். தசையை இயக்கும் நரம்பாயின் உறுப்புத் தளரும். ஆதலின், நுனியில் மெல்லிய மின்னோட்டம் விடுத்து, தசை துடிக்கின்றதா என்று முன்னரே பார்த்துக்கொள்வர். வேலை முடிந்ததும் கருவியை உடனே இழுத்தலுங் கூடாது. பனி உருகுமளவும் வைத்தியர் காத்திருத்தல் வேண்டும். ஒட்டியிருக்கையில் இழுத்தால் நரம்பு கிழிந்துவிடும்.