தண்ணீர் வந்த வழியே ஒரு நாள்: கோவையை நடந்து பார்க்க ஒரு வழிகாட்டி

கோவையில் ரயிலை விட்டு இறங்குகிறவர்களில் பலர் மேட்டுப்பாளையம் பஸ் எங்கே நிற்கும் என்றுதான் கேட்கிறார்கள். ஊட்டிக்குப் போகிற வழியில் ஒரு காபி, இரண்டு சாம்பார் இட்லி, அவ்வளவுதான் இந்த ஊர். உள்ளூர்க்காரரிடம் விசாரித்தாலும், "இங்க என்னங்க இருக்குது பாக்கறதுக்கு? மருதமலைக்கு வேணா ஒரு எட்டுப் போயிட்டு வாங்க" என்பார். எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு. வீட்டுக்கு வரும் சொந்தபந்தங்களை வருஷக்கணக்காக இந்த ஊருக்குள் கூட்டிக்கொண்டு சுற்றியதில் ஒன்று தெரிந்துகொண்டேன்: தண்ணீர் வந்த வழியே போனால் கோவை புரியும். முதலில் நொய்யல், அடுத்து ஆற்றங்கரைக் கோயில், பிறகு பேட்டை வீதிகள், கடைசியில் குளம். ஒரு முழு நாள் போதும்.

நாளைத் தேர்ந்தெடுப்பது முதல் வேலை. செவ்வாய், புதன், வியாழன் இந்த மூன்றில் ஒன்று நல்லது. ஞாயிற்றுக்கிழமையை நம்பி வந்தால் வன அருங்காட்சியகத்தைப் பார்க்க முடியாமல் போய்விடும். திருவிழாவோடு பார்க்க ஆசைப்பட்டால் ஆனியில் பேரூர் நாற்று நடவுக்கு வாருங்கள், அல்லது மாசியில் கோனியம்மன் தேருக்கு.

காலை ஆறு மணிக்கெல்லாம் காந்திபுரத்திலோ உக்கடத்திலோ பேரூர் வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில் ஏறிவிடுங்கள். சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஊரிலிருந்து மேற்கே ஆறேழு கிலோமீட்டர்தான். இறங்கியதும் நேரே கோயிலுக்குள் நுழைந்துவிடாதீர்கள். முதலில் படித்துறைக்கு நடங்கள். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து வரும் நொய்யலுக்குக் காஞ்சிமாநதி என்றும் பெயர். தென்மேற்குப் பருவமழை பிடித்த நாட்களில் ஆறு செம்மண் கலந்து ஓடும். கோடையில் மணல்தான் இருக்கும். இரண்டையும் பார்க்கத்தான் வேண்டும். ஆடிப்பெருக்குக்கும் அமாவாசைக்கும் இந்தக் கரையில் உட்கார்ந்து முன்னோருக்குத் திதி கொடுக்காத குடும்பம் இந்தப் பக்கம் குறைவு.

இனிக் கோயில். மேலைச் சிதம்பரம் என்று பெயர் பெற்ற தலம். பட்டீசுவரர், பச்சைநாயகி. லிங்கத் திருமேனியில் கன்றின் குளம்புத் தடம் இருக்கிறது என்பது தலக்கதை. பார்க்க வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். சாமி கும்பிட்டு முடித்ததும் நேரே நடராசர் இருக்கும் கனகசபைக்குப் போங்கள். 17ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் குடும்பத்து அளகாத்திரி நாயக்கர் கட்டியது. போனைப் பையில் போட்டுவிட்டு, இருட்டுக்குக் கண் பழகும்வரை சும்மா நில்லுங்கள். ஐந்து நிமிஷத்தில் தூண்கள் ஒவ்வொன்றாக முன்னே வரும். யானையின் தலைமேல் கால் ஊன்றி, உரித்த தோலை முதுகுக்குப் பின்னால் விரித்துப் பிடித்திருக்கும் கஜசம்ஹாரர். கோரைப்பல்லோடு வீரபத்திரர். ஒரு காலைத் தலைக்கு மேல் தூக்கிய ஊர்த்துவ தாண்டவர், அவருக்குப் போட்டியாக ஆலங்காட்டுக் காளி. ஒரே சிற்பத்தின் முன் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். விரல் நகம், நரம்பு, கழுத்து மணியின் கோப்பு எல்லாம் அதற்குள்தான் தெரியவரும். பிறகு அண்ணாந்து பாருங்கள். விதானத்திலிருந்து கல்லிலேயே குடைந்த சங்கிலி தொங்கும்.

வெளியே வரும்போது நந்தியின் தாடையைக் கவனியுங்கள். சுந்தரர் வருகிறார் என்று தெரிந்து, இறைவனும் இறைவியும் உழவர் வேடத்தில் வயலுக்கு நாற்று நடப் போய்விட்டார்களாம். இருக்குமிடத்தை நந்தி காட்டிக்கொடுக்க, இறைவன் கையிலிருந்த மண்வெட்டியால் நந்தியின் தாடையில் ஓர் அடி. ஆனி நாற்று நடவுத் திருவிழா இந்தக் கதையிலிருந்து வந்ததுதான். கடவுளே சேற்றில் இறங்கி நாற்று நட்ட ஊர் இது என்று கொங்கு விவசாயி சொல்லும்போது குரலில் ஒரு உரிமை இருக்கும். பிறவாப்புளி என்ற புளியமரத்தையும் இறவாப்பனை என்ற பனைமரத்தையும் விசாரித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள்; ஒருமுறை சித்தப்பாவைப் பன்னிரண்டரைக்கு மேல் கூட்டிப்போய் மூடிய கதவைக் கும்பிட்டுத் திரும்பினேன். அன்றிலிருந்து காலைப் பொழுதைத் தவிர வேறு நேரத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை.

ஒன்பதரைக்கு டவுன்ஹாலில் இறங்குங்கள். வழியில் நாஷ்டாவை முடித்திருந்தால் நல்லது. விக்டோரியா மகாராணி பேரில் 1892இல் கட்டிய அந்த ஹாலில்தான் மாநகராட்சி மன்றம் கூடுகிறது. அதைச் சுற்றியிருப்பதுதான் பழைய ஊர். கோனியம்மனைக் கும்பிட்டு, தேர்நிலைத் திடல் வழியாக ராஜ வீதி, ஒப்பணக்கார வீதி, பெரிய கடை வீதி என்று ஒரு சுற்று வாருங்கள். வண்டி வேண்டாம், இந்த வீதிகளில் நடப்பவருக்குத்தான் வேகம். ஜவுளிக்கடைகளுக்கு நடுவே ஒப்பணக்கார வீதியில் அத்தர் ஜமாஅத் பள்ளிவாசல், பெரிய கடை வீதியில் புனித மைக்கேல் பேராலயம். மாசித் தேர் இந்த வழியே வரும்போது கூட்டம் தேர்மேல் கல் உப்பை வாரி வீசும். பள்ளிவாசல்காரர்கள் தேர் இழுக்க வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பார்கள். அந்த ஒரு நாளைப் பார்த்தவருக்கு இந்த ஊரைப் பற்றி நான் தனியாகச் சொல்ல எதுவும் இல்லை. நேரம் இருந்தால் வைசியாள் வீதிப் பக்கம் நகைப் பட்டறைகளையும், ரங்கே கவுடர் வீதியில் மளிகை மண்டிகளையும் எட்டிப்பாருங்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு அரிசியும் பருப்பும் கிடைக்கிறதா என்று மெஸ்களில் கேளுங்கள். அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் போட்டு ஒரே பாத்திரத்தில் வேகவைப்பது. மேலே நெய் விட்டுச் சூடாகச் சாப்பிட வேண்டும். கிடைக்காவிட்டால் யாராவது கொங்கு வீட்டில் விருந்துக்குப் போங்கள்; அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

மத்தியான வெயிலுக்கு ஆர்.எஸ்.புரம் பக்கம் மரநிழல் உண்டு. சிறுவாணித் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவரப் பாடுபட்ட நகர்மன்றத் தலைவர் இரத்தினசபாபதி முதலியார் பெயரில் அமைந்த பகுதி. கௌலி பிரவுன் சாலையில் வனக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது காஸ் வன அருங்காட்சியகம், 1902இல் திறந்தது. மர வகைகளும் பாடம் செய்த காட்டு மாடும் குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். ஒரு மணி நேரம் போதும்.

அங்கிருந்து வேளாண் பல்கலைக்கழகம் பக்கம்தான். சைதாப்பேட்டையில் தொடங்கிய விவசாயக் கல்லூரி 1906இல் இங்கே வந்தது. 1912இல் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். ஆற்றோரம் தானாக முளைக்கும் நாணலோடு கரும்பைச் சேர்த்து, அங்கிருந்த விஞ்ஞானிகள் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் உருவாக்கிய கோ 205 ரகம் வட இந்தியக் கரும்புக் காடுகளையே மாற்றியது. அந்தக் 'கோ', கோயம்புத்தூரின் கோ. சாலையோரம் நாணலைப் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாலரைக்கு உக்கடம் பெரியகுளத்துக்கு வந்துவிட வேண்டும். 300 ஏக்கருக்கு மேல் பரப்பு. நொய்யலில் அணை கட்டி, வாய்க்கால் வெட்டி, குளம் குளமாகத் தண்ணீரை நிறுத்திவைத்த ஏற்பாட்டில் இதுவும் ஒன்று. காலையில் பேரூரில் பார்த்த ஆறு இங்கே வந்து தேங்கியிருக்கிறது. கரைமேல் மேற்கு முகமாக நடங்கள். கூழைக்கடா, நீலத் தாழைக்கோழி, புள்ளிமூக்கு வாத்து எல்லாம் சாதாரணமாகத் தென்படும். பைனாகுலர் இருந்தால் கொண்டுவாருங்கள். கரையில் பிளாஸ்டிக் கவரைப் போடுகிறவரைப் பார்த்தால் எடுக்கச் சொல்லுங்கள். நான் சொல்வேன், பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள்.

இருட்டியதும் தள்ளுவண்டிக் காளான் சாப்பிடாமல் பஸ் ஏறக்கூடாது. பெயர்தான் காளான், முட்டைக்கோஸ்தான் அதிகம். கல்லில் உதிர்த்து, மசாலாவில் பிரட்டி, வெங்காயமும் கொத்தமல்லியும் தூவித் தட்டில் தருவார்கள். "அண்ணா, கொஞ்சம் மொறுமொறுன்னு போடுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் குழைவாகத்தான் வரும்.