மோட்டார் போனில் பேசும். நடுச்சாமத்தில் வரப்பில் நடக்க வேண்டாம்



மும்முனைக் கரண்டு இரவு முறையில் வரும் ஊர்களில் இது வழக்கம். நடுச்சாமத்தில் வீட்டுக்காரர் எழுந்து மோட்டார் போடப் போவார். வீட்டுக்காரி தூங்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அவர் நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்து, அந்த நேரம் பார்த்து வலி எடுத்தால் துணைக்கு யார்?

வரப்பில் பாம்பும் கிடக்கும். நம் நாட்டில் 2000 முதல் 2019 வரை ஏறக்குறைய 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டுள்ளது. பெரும்பாலோர் கிராமத்து மக்களே.

குரல் என்ன சொல்லும்?

ஸ்டார்ட்டர் பெட்டியோடு சிம் கார்டு போட்ட ஒரு கருவியை எலெக்ட்ரீசியன் இணைத்துத் தருவார். வீட்டிலிருந்து அந்த நம்பருக்குப் போன் செய்தால், கரண்டு இருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா என்று பதிவு செய்த குரல் தமிழிலேயே சொல்லும். குரல் சொல்லும் எண்ணை அழுத்தினால் மோட்டார் ஓடும். வேறு எண்ணை அழுத்தினால் நிற்கும். ஒரு பேஸ் போனாலோ, கிணற்றில் தண்ணீர் வற்றினாலோ, மோட்டாரை நிறுத்திவிட்டுத் தானே நமக்குப் போன் செய்யும் கருவிகளும் உண்டு. கேட்டு வாங்குங்கள்.

குரல் சொல்லாதது என்ன?

கிணற்றுக்குள் ஆள் இறங்கியிருப்பது அதற்குத் தெரியாது. வயர் அறுந்து கிடப்பதும் தெரியாது.

"ஏனுங்க, மோட்டார் நின்னிருச்சுன்னு போன் சொல்லுதே, இனித் தொட்டுப் பார்க்கலாமில்ல?"

"கூடாது கண்ணு. கரண்டு வந்தா அதுவே மறுபடி ஓட ஆரம்பிச்சிரும். மெயினை இறக்கி, பியூஸ் கட்டையைக் கழற்றி மடியில வெச்சுக்கிட்டுத்தான் கை வைக்கணும்."

இந்தக் கணவர் சொன்னதே சரி. அதேபோல், தோட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் வீட்டிலிருந்து எண்ணை அழுத்தாதீர்கள்.

செய்ய வேண்டியவை

1. கருவியில் இருவர் நம்பரையும் பதிவு செய்யுங்கள். மனைவியும் இயக்கப் பழகட்டும்.

2. சிம்முக்கு ரீசார்ஜ் தீராமல் பாருங்கள். குரல் வரவில்லையென்றால் இருட்டில் ஓட வேண்டாம். விடிந்து போய்ப் பாருங்கள்.

3. வேளாண்மைப் பொறியியல் துறை இக்கருவிக்கு மானியம் கொடுத்து வந்திருக்கிறது. அவர்கள் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

4. போயே ஆகவேண்டுமென்றால் டார்ச்சும், காலை மூடிய செருப்பும், தடியும் இருக்கட்டும்.

பாம்பு கடித்துவிட்டால் கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், இறுக்கிக் கட்ட வேண்டாம். மந்திரிக்கப் போய் நேரத்தைப் போக்க வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். விஷமுறிவு மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

ஒரு இரவு பாயாத வயலுக்கு மறுநாள் பாய்ச்சலாம். போன உயிர் திரும்பாது.

மோட்டார் நிலவரத்தைப் போன் சொல்லட்டும். வீட்டுக்குத் துணையாக நீங்கள் இருங்கள்.