கிரௌனின் அடியில் ஒரு காந்தம்

அன்புள்ள தம்பிக்கு,

பொள்ளாச்சியில் புதிதாகப் பட்டறை தொடங்கியிருக்கும் நீ, உன்னிடம் வரும் வண்டிகளின் எஞ்சின், கியர் பாக்ஸ், கிரௌன் எனும் டிஃபரன்ஷியல் ஆகிய மூன்றுக்கும், எண்ணெயை வடிக்கும் துவாரத்தில் காந்தம் பதித்த ட்ரெயின் பிளக்கை மாட்டிவிடலாமா என்றும், மாட்டுவதானால் எதைத் தேர்ந்தெடுப்பது என்றும் கேட்டிருந்தாய். இரண்டு வரியில் விடை எழுதிவிடலாம். ஆயினும், விரலளவு கூட இல்லாத இந்தச் சாதனத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கினால் யந்திரத்தினுள்ளே கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் தேய்மானத்தைப் பற்றியே யோசிக்க வேண்டியிருப்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மூன்றில் முதலிடம் கிரௌனுக்கு, அடுத்தது கியர் பாக்ஸுக்கு, கடைசியில்தான் எஞ்சினுக்கு என்பது என் அபிப்பிராயம். எஞ்சினில் எண்ணெயைப் பம்பு ஓயாமல் பில்டர் வழியே செலுத்திக்கொண்டிருக்கிறது. கிரௌனிலும், பெரும்பாலான சாதாரண கியர் பாக்ஸ்களிலும் பில்டர் என்பதே கிடையாது. அங்கே பிறக்கும் இரும்புத் துகள், எண்ணெயை மாற்றும் நாள் வரையில் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். கிடப்பதோடு நின்றாலும் பரவாயில்லை. கிரௌன் சக்கரம் தன் கீழ்ப்பாகத்தை எண்ணெயில் தோய்த்துக்கொண்டு சுழன்று, அந்த எண்ணெயை மேலே வீசித்தான் பேரிங்குகளை நனைக்கிறது என்பதால், அடியில் படிந்த துகளும் அதனோடு சேர்ந்து மறுபடி மறுபடி பற்களின் இடுக்கிலும் பேரிங்கின் உருளைகளுக்கு நடுவிலும் போய் விழுகிறது.

உன் ஊரின் வண்டிகளுக்கு இது மேலும் பொருந்தும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. நேரான சாலையில் கிரௌன் கூட்டுக்குள் இருக்கும் ஸ்டார் பினியன்கள் தம் அச்சில் சுழல்வதே இல்லை என்று சொல்லலாம். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரமும் உள்சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டியிருக்கும்போதுதான் அவை சுழல்கின்றன. ஆட்களும் மூட்டைகளும் ஏற்றிய ஒரு பொலிரோவோ பழைய இன்னோவாவோ முதல் கியரில் அந்த வளைவுகளில் ஏறும்போது, முழு பாரத்தையும் சுமந்துகொண்டே அவை சுழல்கின்றன. அதே சமயம் கிரௌன் பற்களும் பினியன் பற்களும் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு நில்லாமல் சறுக்கவும் செய்கின்றன. இத்தகைய வண்டியின் கிரௌன் எண்ணெயில் காந்தம் இல்லாதிருப்பது பெரிய குறை. பல கம்பெனிகள் கிரௌனுக்கும் கியர் பாக்ஸுக்கும் காந்த பிளக்கைத் தயாரிப்பிலேயே மாட்டி அனுப்புகின்றன. ஆகவே புதியது வாங்குமுன் பழையதைக் கழற்றி, அதன் முனையில் ஏற்கெனவே காந்தம் இருக்கிறதா என்று பார்ப்பது உன் முதல் கடமை.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பிஸ்டன் ரிங்கு, சிலிண்டர் சுவர், கேம் ஷாப்ட், டைமிங் செயின் ஆகியவற்றின் இரும்பைக் காந்தம் பிடிக்கும். அலுமினியப் பிஸ்டனின் துகளையும், பேரிங் ஓடுகளின் ஈயம், தாமிரம், வெள்ளீயத்தையும், ஏர் பில்டரைத் தாண்டி வந்த மண்ணையும் அது தொடாது. பில்டர் பிடிக்கத் தவறும் மிக நுண்ணிய இரும்புத் தூளில் ஒரு பகுதியை அது பிடித்து வைக்கிறது என்பது உண்மையே. ஆகவே மாட்டுவதில் பிழையில்லை, மாட்டாவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸின் விஷயம் வேறு. அதன் அடித்தட்டில் கம்பெனியே காந்த வில்லைகளை வைத்திருப்பது வழக்கம். உள்ளே இருக்கும் சோலனாய்டுகள் தாமே மின்காந்தங்களாதலால் இரும்புத் தூளைத் தம்பால் இழுத்துக்கொண்டு சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு என்பதே அதற்கு ஒரு முக்கிய காரணம். சில வண்டிகளில் ட்ரெயின் துவாரத்துக்குள்ளேயே எண்ணெய் மட்டத்தைக் காட்டும் குழாய் ஒன்று நிற்கிறது. அங்கே நீண்ட காந்த முனையுள்ள பிளக் நுழையவே நுழையாது. அத்தகையவற்றில் கை வைக்காமல், அடித்தட்டைக் கழற்றும்போது அந்த வில்லைகளைச் சுத்தம் செய்து அதே இடத்தில் வைத்துவிடு.

இனித் தேர்வு. விளம்பரத்தில் காந்தத்தின் பலத்தைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். நீ முதலில் கேட்க வேண்டியது அது எவ்வளவு உஷ்ணத்தைத் தாங்கும் என்பதை. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே உருவாக்கப்பட்ட நியோடிமியம் காந்தம் இன்று எங்கும் பரவியிருக்கிறது. சக்தியில் அதற்கு நிகரில்லை. ஆனால் அதன் சாதாரண ரகம் சுமார் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் நிரந்தரமாகவே பலம் இழக்கத் தொடங்குகிறது; ஓடும் எஞ்சினின் எண்ணெயோ சமதளத்திலேயே 90, 100 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. 150 டிகிரி வரை தாங்கும் உயர்ந்த ரக நியோடிமியம் உண்டு. அதைவிட வெகுவாக அதிக உஷ்ணத்தைத் தாங்கும் சமேரியம் கோபால்ட் காந்தமும் உண்டு. எந்த ரகம் என்று சொல்லத் தெரியாத கடைக்காரரிடம் வாங்காதே. அதற்கடுத்து, காந்தம் பிளக்கில் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று பார். வெறும் பசையால் ஒட்டிய காந்தம், சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வருவதில் ஒருநாள் விட்டுப்போகும். நியோடிமியம் சுலபத்தில் உடையும் இயல்புடையது, அதன் ஒரு சில்லு கிரௌன் பற்களுக்கிடையே போனால் பிளக் வாங்கிய காரியமே தலைகீழாகிவிடும். துளைக்குள் காந்தத்தை அழுத்திச் செலுத்தி, உலோக விளிம்பை அதன்மேல் மடித்துத் தட்டியிருக்கும் பிளக்கே நம்பத் தக்கது. மாட்டுமுன் இடுக்கியால் பிடித்து இழுத்துப் பார்த்துவிடு. பழைய பிளக்கைவிட அதன் முனை எவ்வளவு உள்ளே நீள்கிறது என்றும் அளந்துகொள். கிரௌன் சக்கரமோ எண்ணெய் உறிஞ்சும் ஸ்ட்ரெய்னரோ அருகில் இருக்கும் இடத்தில் ஒரு சென்டிமீட்டர் கூடினாலும் ஆபத்துதான்.

மரையைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கலாம், எனினும் சொல்கிறேன். 12 மில்லிமீட்டர் பிளக்குகளிலேயே 1.25, 1.5, 1.75 என்று மூன்று மரை இடைவெளிகள் புழக்கத்தில் இருக்கின்றன. பார்வைக்கு ஒன்றாகத் தோன்றும் பிளக்கை ஸ்பானரால் பலவந்தமாக ஏற்றினால், எஞ்சினின் அடித்தொட்டியான அலுமினிய சம்பின் மரை ஒரே நிமிஷத்தில் வழித்துக்கொண்டு வந்துவிடும். மரை கேஜ் வைத்துப் பார். பிறகு கையாலேயே கடைசி வரை திருகு. வாஷர் ஒவ்வொரு முறையும் புதிதாயிருக்கட்டும். அந்த வண்டிக்குக் குறித்த முறுக்கத்தை டார்க் ரென்ச்சில் வைத்து இறுக்கு. சிறு கார்கள் பலவற்றின் சம்ப் பிளக்குக்கு அது 35, 40 நியூட்டன் மீட்டர் அளவே. கியர் பாக்ஸிலும் கிரௌனிலும் எண்ணெயை வடிப்பதற்கு முன்னால், ஊற்றும் பிளக்கைத் திறந்து பார்த்துவிடு. மலைமழையில் துருவேறிய அந்தப் பிளக் திறக்க மறுத்தால், வடித்த வண்டிக்கு எண்ணெய் ஊற்ற வழியின்றி அது உன் பட்டறையிலேயே நிற்கும்.

இவ்வளவும் மாட்டும் வரைக்குமான விஷயம். இந்தக் காந்தத்தின் பெரும் பிரயோஜனம், அது பிடித்து வைத்ததைப் பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் முழுமையாகக் கிட்டும் என்பது என் உறுதியான நம்பிக்கை. ஹெலிகாப்டரின் கியர் பாக்ஸில் உள்ள காந்த பிளக்கில் உலோகச் சில்லு படிந்து இரு முனைகளை இணைத்ததும் மின்சுற்று நிறைவேறி, விமானியின் முன்னால் விளக்கு எரிகிறது. நம் வண்டிகளில் அப்படி விளக்கில்லை. பிளக்கைக் கழற்றுகிறவன் கண்தான் பார்த்தாக வேண்டும். ஆகவே கழற்றியவுடனே துடைத்துவிடாதே. வெளிச்சத்தில் பிடித்துப் பார். முனையில் படிந்ததைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே மெதுவாகத் தேய்த்துப் பார். குழைத்த விபூதி போல் மழமழவென்று சாம்பல் நிறத்தில் இருந்தால், அது இயல்பான தேய்மானம். விரலில் நெருடினால், கொஞ்சம் மண்ணெண்ணெயில் அலசி, வெள்ளைத் துணியில் பரப்பிப் பார். ஊசி போன்ற இழைகளும், ஒருபக்கம் மின்னும் தட்டையான செதில்களும் பேரிங்கின் பாதையோ பல்லின் மேற்பரப்போ உரியத் தொடங்கிவிட்டதைச் சொல்கின்றன. விளிம்பு கூரான கட்டித் துண்டு கிடைத்தால் அந்தக் கிரௌனைத் திறக்காமல் வண்டியை வெளியே விடாதே. புதிதாகக் கிரௌன் பினியன் மாற்றிய வண்டியில் முதல் முறை தூள் சற்று அதிகம் இருப்பது சகஜம். கியர் பாக்ஸில் பித்தளைச் சிங்க்ரோ ரிங் தேய்ந்தால் காந்தம் மௌனமாயிருக்கும். வடித்த எண்ணெயை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் பொன்னிறப் பொடி மினுங்கும்.

இன்னொரு ஜாக்கிரதை. கழற்றிய காந்த பிளக்கை கிரைண்டர் ஓடும் மேஜையிலோ தரையிலோ வைக்காதே. அங்கே கிடக்கும் அரத்தூள் முழுவதையும் அது வாரிக்கொள்ளும், பிறகு நீ படிப்பது உன் பட்டறையின் தூளாயிருக்கும், அதைத் துடைக்காமல் மாட்டினால் அதுவும் கிரௌனுக்குள் போகும். ஒரு மூடியிட்ட கிண்ணத்தில் போட்டு வை. பார்த்து முடிந்ததும் பனியன் வேஸ்டால் அடிவரை துடைத்துவிட்டு மாட்டு. வண்டி எண், கிலோமீட்டர், படிந்த அளவு, தன்மை ஆகிய நான்கையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவை. ஒரு முறை பார்த்த தூளைவிட, சென்ற முறையோடு ஒப்பிட்டுப் பார்த்த தூளே அதிகம் சொல்லும்.

வண்டிக்காரரிடம் பிளக்கை மறைக்காமல் காட்டு, நல்லதாயிருந்தாலும் காட்டு. காந்தம் மாட்டிவிட்டதால் எண்ணெயை இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி மாற்றலாம் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. நீ அப்படிச் சொல்லாதே. எண்ணெய் கெடுவது இரும்புத் தூளால் மட்டுமன்று. உஷ்ணமும் ஈரமும் அதிலிருக்கும் சேர்மானங்கள் தீர்ந்துபோவதும் அதைக் கெடுக்கின்றன, அவற்றில் எதையும் காந்தம் தடுக்காது. கம்பெனி குறித்த தூரத்திலேயே எண்ணெயை மாற்று. மலையேறும் வண்டியானால் அதற்கும் கொஞ்சம் முன்னதாகவே.

இப்படிக்கு,
உன் அண்ணன்